எலியேசருக்காக ஒரு வெள்ளிக்கிழமை

சீலா மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குழம்புக்குள் இறக்கிவிட்டு பியூலா டீச்சர் அடுப்பைத் தணித்தாள். இன்றைக்கு அவளுக்கு உபவாசம். சபைக்கே தெரியும். அதனால்தான் சமையலறை ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள். எதிர்வீட்டு ஹில்டாவுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை, வாசத்தை வைத்தே என்ன மீன், எந்தக் கரையில் பிடித்தது என்று சொல்லிவிடுவாள், போதாததற்குக் கோயிலில் பெண்கள் சங்கத் தலைவியும் அவள்தான். பழைய செயலாளர் எலியேசருக்குத் தொண்டையில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து சபையில் சங்கிலி உபவாசம் நடக்கிறது. ஒரு நாளைக்கு ஒருவர். தண்ணீர் தவிர வேறெதையும் தொடாமல் பகல் முழுக்க அவருக்காக ஜெபிக்க வேண்டும். சாயங்காலம் எல்லாரும் கோயிலில் கூடும்போது அன்றைக்கு உபவாசம் இருந்தவர் முடிவு ஜெபம் செய்து கஞ்சி குடிப்பார். மறுநாள் வேறொருவர். இன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் ஆபரேஷன், ஆகவே இன்றைக்கு இருப்பவர்தான் கடைசிக் கண்ணி. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஹில்டா மைக்கைப் பிடித்து, "சங்கிலியில ஒரே ஒரு கண்ணி விட்டாலும் அம்புட்டும் வீண், பாத்துக்கிடுங்க. கடைசி நாளுக்கு யாரு இருக்கிய?" என்று கேட்டபோது, பியூலா டீச்சரின் கை தானாக மேலே போயிற்று. தானாகவா? இல்லை. ஒரு கண்ணி விட்டாலும் என்ற வார்த்தை காதில் விழுந்த நொடியே முழுத்திட்டமும் மனசுக்குள் வந்துவிட்டது, நூல் கோத்த ஊசியைக் கையில் கொடுத்த மாதிரி. கோயிலே திரும்பிப் பார்த்தது. புதுசாக வந்திருக்கும் இளம் போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்வரிசையில் யாரோ, "மன்னிச்சிட்டாங்க பாரு, தையல் டீச்சர் மன்னிச்சிட்டாங்க" என்று கிசுகிசுத்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பு வந்தது யாருக்கும் தெரியக் கூடாதே. உபவாசம் இருக்கிறேன் என்று கைதூக்கிவிட்டு, வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். அவன் கழுத்தில் கத்தி வைக்கும் நேரத்தில் சாப்பிட வேண்டும். மருந்துக்கும் ஜெபத்துக்கும் நடுவில் ஒரு கண்ணியை அறுத்துவிட்டு, மீன் முள்ளைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

குழம்பு சின்னச் சின்னதாகக் குமிழ் விட்டது. பியூலா டீச்சர் கரண்டிக் காம்பால் சட்டியை ஒரு சுற்றுச் சுற்றி ஆட்டினாள், கிளறினால் துண்டு உடைந்துவிடும். கெசியாவுக்குக் கிளறின மீன் பிடிக்காது. கெசியா. அந்தப் பெயர் நினைவில் வந்தால் அதற்குப் பின்னாலேயே மழை வந்துவிடும், மழைக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்து இரும்புக் கேட்டு. கெசியா அவளுக்கு ஒரே பிள்ளை. திருச்செந்தூர் ரோட்டில் மெக்கானிக் ஷாப் வைத்திருந்த முருகேசனை ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டு போனாள். பியூலா டீச்சர் கொஞ்ச காலம் பேசாமல் இருந்தாள், பிறகு பேசினாள், பிறகு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வந்து போக ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். டெங்கு வந்து மூன்றாம் பேருக்குத் தெரிவதற்குள் கெசியா போய்விட்டாள். போவதற்கு முன்னால் முருகேசனிடம், "என்னய அப்பா பக்கத்துல வைங்க" என்று சொல்லியிருக்கிறாள். அப்பா, பொன்னுத்துரை, கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் இருக்கிறார். அந்தப் பையன் சாமி கும்பிடுகிறவன், ஆனாலும் அவள் சொன்ன வார்த்தைக்காக வேன் பிடித்து உடலைக் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். வாசலில் எலியேசர் நின்றுகொண்டிருந்தார். அப்போது அவர்தான் சபைச் செயலாளர். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, விரலில் சாவி வளையம். "டீச்சர், உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்லா. சபைய வேண்டாம்னு போனவங்களுக்கு இன்னைக்குத் தொறந்தா நாளைக்கு யாருக்குப் பூட்டுவோம், சொல்லுங்க?" அப்போதிருந்த போதகர் வயதானவர், மாற்றலுக்குக் காத்திருந்தவர், தூரத்தில் மரத்தடியில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை வலுத்தது. எலியேசர் ஒரு எட்டு முன்னால் வந்து தன் குடையை பியூலா டீச்சர் தலைக்கு மேலே பிடித்தார். அதுதான். அதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. கேட்டைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன வாய் சொல்லிவிட்டுப் போகட்டும், குடையை ஏன் பிடிக்க வேண்டும்? தன் தோள் நனைய நனைய அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் திருப்பி அனுப்பினார். வேன் திரும்பி ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போயிற்று. ஈர விறகு. பற்றவே இல்லை, டீசல் ஊற்ற வேண்டியிருந்தது. கல்லறைத் திருநாளுக்கு ஊரெல்லாம் பூவும் மெழுகுதிரியுமாகப் போகும்போது அவள் எங்கே போவாள், ஆற்றுத் தண்ணீரில் எந்த இடத்தில் மெழுகுதிரியை நட்டு வைப்பாள்?

அன்றைக்கே அவள் சபையை விட்டுப் போயிருக்கலாம். முருகேசன்கூட, "அத்த, எங்கூடத் திருப்பூருக்கு வந்துருங்க" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனான். அவள் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய், எலியேசர் உட்காரும் பெஞ்சுக்கு நேர் பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். அதிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. பிரசங்கம் நடக்கும்போது அவள் பார்வை பலிபீடத்துக்குப் போகாது. எலியேசரின் பிடரிக்குப் போகும். சலூனில் மழித்த பச்சை நிறப் பிடரி, நடுவில் ஒரு மரு, சட்டைக் காலருக்கும் முடிக்கும் நடுவே இரண்டு விரல் அகலத் தோல். ஆண்டவரே, அந்த இடத்தில் உம்முடைய கை விழட்டும் என்று ஜெபிப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் காலைச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு அதே ஜெபம். பட்டினி ஜெபத்துக்குப் பலம் அதிகம் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள். பட்டினி கிடக்கக் கிடக்க ஜெபம் கூராகும், தீட்டின கத்தரிக்கோல் மாதிரி. அப்படித்தான் அந்தக் கழுத்தில் கட்டி வந்தது. பிடரியில் இல்லை, முன்பக்கம், தொண்டையில், ஆனால் கழுத்துதானே. ஹில்டா வந்து சொன்ன சாயங்காலம் பியூலா டீச்சரின் கை விரல்கள் சில்லென்று ஆகிவிட்டன. சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தாள். படுத்த பிறகு அது பயம் என்று தெரிந்தது. நானா? நானா செய்தேன்? கேட்டுவிட்டாரா? கெசியாவுக்குக் காய்ச்சல் அடித்தபோது மண்டியிட்டுக் கதறினதைக் கேட்காதவர், இதைப் போய்க் கேட்டுவிட்டாரா? அந்த நினைப்பு ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதே இடத்தில் சிக்கும், துணியில் நூல் முடிச்சு விழுந்த மாதிரி, இழுத்தால் இறுகும். புதுப் போதகர் போன மாதம் பிரசங்கத்தில், "உபவாசம் ஆண்டவரோட கைய முறுக்குறதுக்கு இல்ல. நம்ம கைய விரிக்கிறதுக்கு" என்றார். பாவம், சின்னப் பிள்ளை. எதையும் இழந்திருக்க மாட்டார். கையை விரித்தால் உள்ளே இருப்பது விழுந்துவிடுமே, அதை யார் பிடிப்பது?

அடுப்பை அணைத்தாள். சோறு வடித்தாயிற்று. தட்டைக் கழுவி, துடைத்து, சோற்றைப் போட்டு, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றி, துண்டுகளில் பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்து ஓரத்தில் வைத்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழக்க தோஷத்தில் கண்ணை மூடினாள், உடனே திறந்துகொண்டாள். இதற்குமா ஸ்தோத்திரம் சொல்வது? சோற்றைப் பிசைந்தாள். முதல் கவளத்தை உருட்டி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன நேரத்தில் போன் அடித்தது. அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஹில்டாவாக இருந்தால் எடுக்காவிட்டால் நேரே வந்து கதவைத் தட்டுவாள். இடது கையால் எடுத்தாள். எலியேசரின் மனைவி செல்லபாய்.

"அக்கா, நான் செல்லபாய் பேசுதேன். மதுரையிலயிருந்து."

"ம். சொல்லுங்க."

"இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்களாம் அக்கா. பயமா இருக்கு. இன்னைக்கு உபவாசம் நீங்கதான்னு ஹில்டா அக்கா சொன்னாங்க. எனக்கு அழுகையே வந்துட்டு. எங்க வீட்டுக்காரங்ககிட்டயும் சொன்னேன்."

பியூலா டீச்சரின் வலது கையில் கவளம் இருந்தது. குழம்பு உள்ளங்கை வழியாக மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, தப்பா நினைக்கக் கூடாது. அவங்களுக்குத்தான் பேச்சு வரலியே. நீங்கன்னு சொன்னதும் கைய ஆட்டி ஆட்டி, வேண்டாம் வேண்டாம்ங்காங்க. டீச்சர் உபவாசம் இருக்க வேண்டாமாம். சாப்பிடச் சொல்லுன்னு வாய்க்கிட்ட கைய வச்சுக் காட்டுதாங்க. திரும்பத் திரும்ப. நான் போன் போட்டாத்தான் விடுவாங்க போல. சாப்பிட்டிருங்க அக்கா. ஆண்டவர் ஒண்ணும் நினைக்க மாட்டார்."

"ஏனாம்?"

"தெரியலியே அக்கா. அழுதாங்க. அது மட்டுந்தான் தெரியும்."

"சரி" என்றாள் பியூலா டீச்சர். போனை வைத்தாள். கையிலிருந்த கவளத்தைப் பார்த்தாள். சாப்பிடச் சொல்கிறானாம். அவன் சொல்கிறான், சாப்பிடு என்று. வேனைத் திருப்பு என்று சொன்ன மாதிரி, குடைக்குள்ளே வாங்க டீச்சர் என்று சொன்ன மாதிரி, இப்போது சாப்பிடுங்க டீச்சர். இந்தக் கவளத்தை வாயில் போட்டால் அது அவன் கொடுத்த சாப்பாடு. அவன் அனுமதித்த சாப்பாடு. இவ்வளவு நாள் யோசித்து, மீன்காரியிடம் விருந்தாளி வருகிறார்கள் என்று பொய் சொல்லி, ஜன்னலைச் சாத்தி, சத்தமில்லாமல் தேங்காய் அரைத்து, கடைசியில் அவன் சொல்லித்தான் சாப்பிட்டோம் என்று ஆகிவிடும். ஏன் சொன்னான்? பயந்துவிட்டான். அவள் எதற்கு உபவாசம் இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். பிடரியில் பார்வை விழுவது பிடரிக்குத் தெரியாதா? இத்தனை வாரம் பின்பெஞ்சில் யார் இருக்கிறார்கள், என்ன ஜெபிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவள் பட்டினி அவனுக்குப் பயம். இல்லை, பயமாக இருந்தால் எதற்கு அழ வேண்டும், பயத்துக்கும் அழலாம், வெட்கத்துக்கும் அழலாம். வெட்கமா? அந்த மனுஷனுக்கா? இந்த டீச்சர் எனக்காகப் பட்டினி கிடக்கக் கூடாது, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று... சீ. அந்த நினைப்பு அவளுக்கு வேண்டாம். அவனை அப்படி நினைக்க ஆரம்பித்தால் இவ்வளவு நாள் கட்டிக் காத்தது என்ன ஆவது. பயம்தான். பயமே இருக்கட்டும். அப்படியானால் பயந்துகொண்டே கிட. அவள் எழுந்து கவளத்தைத் தட்டில் போட்டாள், தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், மீன் வாசம் போகவில்லை, மறுபடியும் கழுவினாள். "மாட்டேன்" என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள். "சாப்பிட மாட்டேன் போ. நீ யாரு எனக்குச் சொல்ல?"

இப்படித்தான் பியூலா டீச்சரின் உபவாசம் உண்மையாகவே ஆரம்பித்தது. முதலில் கோபமே வயிற்றை நிரப்பி வைத்திருந்தது. நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து, அவனை இப்போது மேசையில் படுக்க வைத்திருப்பார்கள், இப்போது மயக்க மருந்து, இப்போது கத்தி என்று ஒவ்வொன்றாக மனசில் ஓட்டிப் பார்த்தாள். ஆனால் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிற்று, பசி வற்றவில்லை. மூடின ஜன்னலுக்குள்ளே குழம்பு வாசம் அடைந்து கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் ஹில்டாவுக்குத் தெரிந்துவிடும், திறக்காவிட்டால் மூச்சு முட்டும். வெள்ளிக்கிழமைக் காலைச் சாப்பாட்டை விடுவது ஒன்றுமில்லை, மத்தியானம் இருக்கிறது என்று வயிற்றுக்குத் தெரியும். இது வேறு. காதுக்குள் ஒரு ரீங்காரம். உடம்பு தன்னைத்தானே தோண்டுகிற மாதிரி இருந்தது, மேலே கிடந்ததெல்லாம் போய்விட்டது, கேட்டு, சாவி, குடை, டீசல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பசி எடுத்துத் தின்றுவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்டது. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அப்போது எங்கிருந்தோ கெசியா வந்தாள். சுடுகாட்டுக் கெசியா இல்லை, ஆஸ்பத்திரிக் கெசியாவும் இல்லை. அந்த இரண்டு பேர் மட்டும்தான் இவ்வளவு நாளும் வந்துகொண்டிருந்தார்கள், வேறு யாரையும் அந்தக் கேட்டு உள்ளே விடவில்லை. இவள் பாவாடை கட்டின கெசியா. பெரிய வெள்ளிக்கிழமை. நானும் மூணு மணி வரைக்கும் உபவாசம் இருப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கோயிலில் சிலுவையின் ஏழு வார்த்தை தியானத்துக்கு நடுவில் பார்த்தால் ஆளைக் காணோம். தேடிப்போனால் கோயில் பின்புறம் உட்கார்ந்து கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள், பல்லெல்லாம் கறுப்பு. "எம்மா, ஆண்டவர் பாத்திருப்பாராம்மா?" "பாக்காம?" "பாத்தா என்ன சொல்லுவாரு?" பியூலா டீச்சர் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். பின்னால் வந்த பொன்னுத்துரை, "எனக்கும் ஒரு துண்டு தா பிள்ளன்னு சொல்லுவாரு" என்றார். மூன்று பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, வாயை மூடிக்கொண்டு, துக்க நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பியூலா டீச்சர் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து எங்கே அழுகை ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுடுகாட்டில் அவள் அழவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் எலியேசர் பார்க்க அழக் கூடாது என்று அடக்கினது, அப்படியே நின்றுபோனது. இப்போது அது வந்தது, வயிற்றிலிருந்து, காலி வயிற்றிலிருந்துதான் வர முடிகிற மாதிரி, வளைந்து வளைந்து வந்தது. இவ்வளவு நாளும் அவள் கட்டிக்கொண்டு அழ வேண்டிய பிள்ளையின் இடத்தில் அந்த ஆளுடைய பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பிள்ளையை அவன் ஒரு தடவைதான் வாசலில் தடுத்தான். மற்ற நாளெல்லாம் தடுத்தது யார்? அந்தக் கேள்வி வந்து நின்றதும் அவளுக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. அதற்காக அவன் நல்லவன் ஆகிவிட மாட்டான். முகத்தைக் கழுவிக்கொண்டு, சமையலறை ஜன்னலைப் படாரென்று திறந்துவிட்டாள். ஹில்டாவுக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

சாயங்காலம் கோயிலுக்கு நடந்தபோது தரை கொஞ்சம் மெத்தென்று இருந்தது. ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்ததா என்று இன்னும் தகவல் இல்லை, போதகர் கையில் போனை வைத்துக்கொண்டே இருந்தார். பாட்டுப் பாடினார்கள். பிறகு போதகர், "நம்ம பியூலா டீச்சர் இப்ப ஜெபிப்பாங்க" என்றார். அவர் குரலில் அன்பு இருந்தது, அதுவே அவளை உறுத்தியது. அவள் முன்னால் போய் மண்டியிடவில்லை, நின்றாள். வரும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று தெரியாமல்தான் வந்தாள். சாகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை; சுகமாக்கும் என்று சொல்லவும் வரவில்லை. கண்ணை மூடினாள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, அந்த வெறுமையில் ஒரே ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"ஆண்டவரே, எலியேசரைச் சாகவிட்டுராதேயும்" என்றாள். "அவர் செத்தா இவங்க எல்லாரும் பாட்டுப் பாடித் தூக்கிட்டுப் போய்க் கல்லறைத் தோட்டத்துல வைப்பாங்க. பூப் போடுவாங்க. எம்பிள்ளைக்கு இல்லேன்னு சொன்ன இடத்துல அவர் கால நீட்டிப் படுத்துக்கிடுவார். அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். நீரும் சம்மதிக்கக் கூடாது. நான் இவ்வளவு நாளும் அவர் சாகணும்னுதான் கேட்டேன், உமக்குத் தெரியும். இன்னைக்கு மத்தியானம் சாப்பிடவும் உட்கார்ந்தேன். அதுவும் தெரியும். அதையெல்லாம் திருப்பி எடுத்துக்கிடுதேன். அவர் உயிரோட வரணும். தொண்டை தொறக்கணும். எம்முன்னால நின்னு, கெசியான்னு எம்பிள்ளை பேரைச் சொல்லணும். அவ அப்பா பக்கத்துல அவ பேருக்கு ஒரு கல்லு வைக்க அவர் வாயாலயே சபையில கேக்கணும். அது வரைக்கும் அவரை விட்டுராதேயும். நானும் விட மாட்டேன்."

ஆமென் என்று சொல்ல மறந்துவிட்டாள். மற்றவர்களும் சொல்லவில்லை. எங்கே சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் ஹில்டாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமென்" என்றாள். அதற்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள், ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி. ஹில்டாவே கஞ்சி டம்ளரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, காதுக்குப் பக்கத்தில், "சீலா தானே?" என்றாள். பியூலா டீச்சர் அவளை ஒரு முறை முறைத்துவிட்டுக் கஞ்சியை வாயில் வைத்தாள். சூடாக இருந்தது. உப்புக் கொஞ்சம் தூக்கல். தொண்டை வழியாக அது இறங்குவது, நெஞ்சைத் தாண்டி வயிற்றுக்குப் போய்ச் சேருவது வரைக்கும் அவளுக்குத் தெரிந்தது. விழுங்க முடிவது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்தாள், நினைத்ததும் அந்த ஆள் ஞாபகம் வந்தது, அவன் எதையும் விழுங்கி எவ்வளவு நாள் ஆகியிருக்கும். அப்போதுதான் போதகரின் போன் அடித்தது. அவர் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சாம். உயிருக்குப் பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஸ்தோத்திரம்!" என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லி அடங்கிய பிறகு குரலைத் தாழ்த்தி, "பேச்சுத்தான் வருமா வராதான்னு இப்ப சொல்ல முடியாதாம் டீச்சர்" என்றார்.

பியூலா டீச்சர் டம்ளரின் அடியில் கிடந்த பருக்கைகளையும் ஆட்டி வாயில் சரித்துக்கொண்டாள்.

"வரும்" என்றாள். "வராம எங்க போகும். அடுத்த வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் எனக்கே குடுங்க."